பெட்டியின் மேல் உள்ள எண்

தூக்கிச் செல்லக்கூடிய மின்சேமிப்புப் பெட்டிகள் இன்று 'பவர் ஸ்டேஷன்' என்ற பெயரில் விற்பனையாகின்றன. மின்சாரம் நின்ற இரவில் இவை தரும் உதவியை யாரும் மறுக்க முடியாது. ஆனால், இவற்றின் மேல் அச்சிடப்படும் எண்கள் வாங்குவோருக்கு வழிகாட்டுகின்றனவா, அல்லது மயக்குகின்றனவா?

ஒரு பெட்டியில் '1,35,000 மில்லி ஆம்பியர்-மணி' என்று பெரிய எழுத்தில் இருப்பதாகக் கொள்வோம். வீட்டு இன்வெர்ட்டரின் மின்கலம் 150 ஆம்பியர்-மணி. அதாவது 1,50,000 மில்லி ஆம்பியர்-மணி. இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றே தோன்றும். உண்மை வேறு. ஆம்பியர்-மணியை மின்னழுத்தத்தால் பெருக்கினால்தான் ஆற்றல் கிடைக்கும். பெட்டிக்குள் இருக்கும் லிதியம் அயனி மின்கலத்தின் அழுத்தம் 3.7 வோல்ட். எனவே 135 × 3.7 = சுமார் 500 வாட்-மணி. இன்வெர்ட்டர் மின்கலமோ 12 வோல்ட்; 150 × 12 = 1,800 வாட்-மணி. முன்னது பின்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! அச்சிட்ட எண் பொய்யன்று, பாதி உண்மை. விலை கொடுப்பவருக்குப் பாதி உண்மை போதுமா?

இனி நம் தேவையைக் கணக்கிடுவோம். 75 வாட் மின்விசிறி ஒன்று, 9 வாட் விளக்கு இரண்டு. மொத்தம் 93 வாட். ஆறு மணி நேரத்திற்கு 558 வாட்-மணி. நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக மாற்றுகையில் சுமார் 15 விழுக்காடு வீணாகும் என்று கொண்டால், நமக்கு வேண்டியது 656 வாட்-மணி. மேற்கண்ட பெட்டி விடியுமுன் ஓய்ந்துவிடும். அதற்காகப் பெரிய பெட்டியைத் தேடி ஓட வேண்டுமா? 30 வாட்டில் சுழலும் பி.எல்.டி.சி. விசிறியை மாட்டினால் தேவை 339 வாட்-மணியாகக் குறைகிறது. அதே பெட்டி போதும். விளம்பரங்கள் இந்த வழியைச் சொல்வதில்லை.

மற்றொன்றும் உண்டு. வாட்-மணி என்பது எவ்வளவு நேரம் ஓடும் என்பதைக் காட்டும். வாட் என்பது எதை இயக்க முடியும் என்பதைக் காட்டும். குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரஸர் புறப்படும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு திறனை இழுக்கும். அதைத் தாங்காத பெட்டியில் ஆற்றல் நிறைந்திருந்தும் பயனில்லை. இன்சுலினைக் குளிரில் காக்க வேண்டிய வீட்டில் இது சிறிய குறையன்று.

ஆகவே, வாட்-மணியையும் வாட்டையும் பெரிய எழுத்தில் அச்சிடுவதே நேர்மையாகும். அதுவரை, கடைக்குப் போகுமுன் வீட்டுச் சாதனங்களில் எழுதியுள்ள வாட் அளவுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெருக்கலும் கூட்டலும் தெரிந்தவரை எந்த எண்ணும் ஏமாற்றாது.