தீவும் துறையும்: யாழ்ப்பாணத்துத் தீவுப் பெயர்களின் ஈறு பற்றிய ஒரு மறுநோக்கு

ஈழத்து இடப்பெயராய்வு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காணி வழக்குப் போலவே நடந்துவந்துள்ளது. 1916ஆம் ஆண்டிலே ஹோர்ஸ்பர்க் என்னும் ஆங்கிலேய அதிகாரி யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள சிங்கள இடப்பெயர்கள் எனத் தாம் கருதியவற்றைத் தொகுத்து வெளியிட்டார். அடுத்த ஆண்டிலே போல் ஈ. பீரிஸ் நாகதீபம் பற்றியும் யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்கள் பற்றியும் எழுதினார். இவர்களை மறுத்த தமிழறிஞர் பலரும், இவர்கள் கைக்கொண்ட அதே முறையையே தாமும் கைக்கொண்டனர். ஊர்ப்பெயரின் ஈறு எம்மொழிக்கு உரியதோ ஊரும் அம்மொழியாருக்கே உரியது என்பது இரு சாராருக்கும் பொதுவான, எவராலும் வினவப்படாத எடுகோளாக இருந்துள்ளது. இவ்வெடுகோள் நிற்குமா என்பதைத் தீவுப்பகுதிப் பெயர்களின் ஈறாகிய ‘தீவு’ என்பதைக் கொண்டு நோக்குவதே எமது கருத்து. ஒப்பீட்டின்பொருட்டு அப்பகுதியின் மற்றோர் ஈறாகிய ‘துறை’யையும் எடுத்துக்கொள்வோம்.

தீவு என்பது வடமொழி ‘த்வீப’ என்பதன் வழிவந்தது. இரண்டு என்னும் எண்ணுப்பெயரும் நீர் என்னும் பொருளுடைய ‘அப்’ என்பதும் புணர்ந்து அச்சொல் ஆயிற்று என்பது பாணினி விதி. இருபுறமும் நீருடையது என்பது பொருள். பாலியில் அது ‘தீப’ ஆயிற்று. பிராகிருதத்தில் ‘தீவ’ ஆயிற்று. சிங்களத்தில் ‘திவ’, ‘துவ’, ‘திவயின’ எனப் பல வடிவங்கொண்டது. தமிழ்த் தீவு, வடமொழி வடிவத்தினும் பிராகிருத வடிவத்துக்கே அணித்தானது. பாலியிலே விளக்கைக் குறிக்கும் சொல்லும் தீவைக் குறிக்கும் சொல்லும் ஒரே வடிவினவாகிவிட்டமையால், புத்தர் தம் மாணவருக்குக் கூறிய இறுதி அறிவுரையில் ‘தீப’ என வருவது விளக்கோ தீவோ என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. தமிழிலும் அணியிலக்கணத்துத் தீவகமும் கடல்சூழ்ந்த தீவகமும் ஒரே வடிவின. ஒன்று விளக்கின் வழியது, மற்றையது தீவின் வழியது.

தீர்தல், அதாவது நீங்குதல், என்னும் வினையடியாகத் தீர்வு, தீவு எனத் தமிழிலேயே இச்சொல் பிறந்து வடக்கே சென்றது என்பாரும் உளர். ரகரம் கெட்டதற்கு ஏற்ற சான்று காட்டாதவரை இதனை ஏற்றல் அரிது. ஆற்றின் நடுவேயுள்ள திட்டுக்கு ஆற்றிடைக்குறை, துருத்தி, அரங்கம் எனத் தமிழிற் சொற்கள் இருந்தன. கடல்நடு நிலத்துக்கு மாத்திரம் வணிகரும் துறவியரும் கொணர்ந்த பொதுச்சொல் நிலைபெற்றதில் வியப்பில்லை.

1936ஆம் ஆண்டில் வல்லிபுரத்திற் கிடைத்த பொன்னேடு பிராமி எழுத்தில் ‘நகதிவ’ என்னும் பெயரைத் தருகின்றது. அது கிறித்துவுக்குப் பின் முதலிரு நூற்றாண்டுகளுக்கு உரியதெனக் கருதப்படுவது. பரணவிதான அதன் மொழியைப் பழஞ்சிங்களமாகக் கொண்டார். பிராகிருதமே என்பர் பிறர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், ‘திவ’ என்னும் ஈறு ஒரு சாராருக்குச் சான்றாதல் இயலாது. அக்காலத்திலே பிராகிருதம் சிந்து முதல் ஈழம் வரை எழுத்து வழக்கிற் பரவியிருந்தது. குசராத்துக் கரையிலுள்ள டையூவும், அராபியர் வழங்கிய சரண்தீப்பின் ஈறும், மாலைதீவின் ஈறும் இச்சொல்லே. எங்கும் உள்ளதொன்று எவர்க்கும் உறுதியாகாது.

இனி, இவ்வீறு மொழிக்கு மொழி மாறும் முறையை நோக்குவோம். சம்புத்வீபம் தமிழில் நாவலந்தீவு ஆயிற்று. இங்கே முதற்பகுதி மொழிபெயர்க்கப்பட்டது. ஈறு ஒலிமாற்றம் மாத்திரம் பெற்று நின்றது. இதற்கு நேர்மாறான வழக்கைச் சிங்கள நூலாகிய நம்பொதவிற் காண்கின்றோம். யாழ்ப்பாணத்து ஊர்களைக் குறிக்குமிடத்து அது நாகதிவயின, புவங்குதிவயின, காரதிவயின என்கின்றது. இவை முறையே நயினாதீவு, புங்குடுதீவு, காரைதீவு ஆகும். புங்குடுதீவின் முதற்பகுதி பொருள் விளங்கியோ விளங்காமலோ ஏறக்குறைய அப்படியே நிற்க, ஈறு மட்டும் சிங்கள உருப்பெற்றது. பீரிஸ் இவ்வடிவங்களைச் சிங்களக் குடியிருப்புக்குச் சான்றாக்கினார். நாம் அறியக்கூடியது, இப்பெயர்களைச் சிங்களத்தில் எழுதிய ஒருவர் தம் மொழியின் ஈற்றை இட்டு எழுதினார் என்பது ஒன்றே. தமிழர் நாவலந்தீவு என எழுதியமையால் இமயம் வரை தமிழர் குடியிருந்தனர் என எவரும் வாதிடுவதில்லை. இன்று நயினாதீவு எனவும் நாகதீப எனவும் ஒரே தீவு இரு பெயராற் குறிக்கப்படுகின்றது. பூசல் முழுவதும் முதற்பகுதி பற்றியது. ஈறு இருவருக்கும் ஒன்றே.

‘துறை’யின் செயல் வேறு. பராக்கிரமபாகு மன்னனின் ஆணையாக நயினாதீவில் உள்ள 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் வெளியிட்டார். பரதேசி வணிகர் வந்திறங்குதல், யானை, குதிரை கொணரும் மரக்கலங்கள், அவை உடைந்தாற் செய்யத்தக்கவை என்பன பற்றிய ஆணை அது. அதிலே வரும் ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. சிங்களத்தில் இவ்வூர் ஊராதொட்ட. பாலி வரலாற்று நூலிற் சூகரதித்த. துறை, தொட்ட, தித்த ஆகிய மூன்றும் ஒரே பொருளன. ஒலியாற் கடந்தவை அல்ல, பொருளாற் பெயர்க்கப்பட்டவை. முதற்பகுதிக்கு நேர்ந்ததோ சுவையானது. ‘ஊரா’ என்பது சிங்களச் செவிக்குப் பன்றி. ஆகவே பாலியிற் ‘சூகர’ எனப் பன்றியே வந்து நின்றது. தமிழ்ச் செவியோ அதே பகுதியில் ஊரையும் காவலையும் கேட்டு ஊர்காவல்துறை ஆக்கிற்று. பின்னர் வந்த போர்த்துக்கேயர் யானை ஏற்றும் அவ்விறங்குதுறையைத் தம் மொழியிற் ‘காயிஷ்’ என்றனர். அதுவும் துறையே. முதற்பகுதியைக் கழித்து ஈற்றின் பொருளை மாத்திரம் அவர்கள் வழங்க, அது கயிற்ஸ் என ஊர்ப்பெயராய் நிலைத்தது. நான்கு மொழியினர் ஆண்டும் வணிகஞ்செய்தும் போன ஒரு துறையிலே ஈற்றின் பொருள் சிதையவில்லை. முதற்பகுதி ஒவ்வொரு வாயிலும் வேறொன்றாயிற்று.

ஐரோப்பியர் தீவுகளுக்கு இட்ட பெயர்களில் நாம் நெடிது நிற்கவேண்டியதில்லை. ஒல்லாந்தர் நெடுந்தீவை டெல்வ்ற் எனவும், வேலணைப்புறத்தை லெய்டன் எனவும், காரைதீவை அம்ஸ்ரடாம் எனவும், புங்குடுதீவை மிடெல்பேர்க் எனவும் தம் நாட்டு நகர்ப்பெயர்களால் வழங்கினர். ஆயினும் ஒல்லாந்தர் தாயகத்தில் தீவுப்பெயருக்கு ஈறு இல்லாமலில்லை. அவர்களது வடகடலோரத் தீவாகிய ஸ்கீர்மொனிக்கோக் என்பதன் ஈற்றிலுள்ள ‘ஓக்’ தீவு என்னும் பொருளதே. அவ்வீற்றை அவர்கள் இங்கு ஏற்றவில்லை. ஆங்கிலத்திலே ஜேர்சி, ஓர்க்னி முதலியவற்றின் ஈற்றில் வடநாட்டாரின் தீவுச்சொல் ஒட்டியிருக்கின்றது; ஆங்கிலேயர் அதனை உணராது ஓர்க்னித் தீவுகள் என மீண்டும் ஒரு தீவைச் சேர்ப்பர். தமிழருக்கு ‘தீவு’ இன்னும் பொருள் விளங்கும் சொல்லாகலின் நயினாதீவுத்தீவு என எவரும் கூறார்.

பொருள் விளங்குவதாயின் அது ஈறாகுமா, தனிச்சொல்லேயா? இவ்வினாவுக்குத் தீவார் எழுத்து வழக்கிலேயே விடையுண்டு என்பது எமது கருத்து. இருபெயரொட்டில் உயிரீற்றின் முன் வல்லினம் மிகல் வேண்டும்: மல்லிகைப்பூ, சாரைப்பாம்பு. அவ்விதிப்படி நயினாத்தீவு, அனலைத்தீவு, எழுவைத்தீவு, மண்டைத்தீவு என்றே வருதல் வேண்டும். ஆயின் தீவுப்பகுதியார் நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, மண்டைதீவு, புங்குடுதீவு என்றே எழுதுவர். தகரத்தை மெலித்தே ஒலிப்பர். தீவார் புணர்ச்சி அறியாதவர் என்று இதனைத் தள்ளிவிடல் ஆகாது. அதே பகுதியிலே ஊராத்துறை மிகுந்தும், ஊர்காவற்றுறை லகரம் றகரமாய்த் திரிந்தும், நெடுந்தீவு மெல்லினம் பெற்றும் இலக்கணம் வழுவாது நிற்கின்றன.

வடசொல்லாகலின் மிகவில்லை எனலாமோ? இரத்ததானம், கன்னிகாதானம் என்பவற்றில் ஒலிப்புடைத் தகரம் மிகாதது உண்மையே. ஆனால் இலங்கைத்தீவு மிகுகின்றது, வேலணைத்தீவு மிகுகின்றது, முல்லைத்தீவு மிகுகின்றது. இலங்கையும் வேலணையும் முல்லையும் தனித்து நிற்கும் பெயர்கள். நயினா, புங்குடு என்பன தீவின்றி வழங்கா. தனித்து நிற்கும் பெயரோடு சேர்ந்தவிடத்துத் தீவு சொல்லாய் நின்று புணர்கின்றது. தனித்து நில்லாப் பகுதியோடு சேர்ந்தவிடத்து விகுதிபோல் ஒட்டி, புணர்ச்சி இழக்கின்றது. எனவே வடமொழிச் சொல்லொன்று தமிழின் இடப்பெயர் விகுதியாக மாறுவதை இத்தீவுகளிலே கண்முன் காண்கின்றோம். ஈழத்தார் மாலைதீவு என எழுத, தமிழ்நாட்டார் மாலத்தீவு என மிகுத்து எழுதுவதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. விகுதியொடு பழகிய வாய்க்கும் பழகாத வாய்க்கும் உள்ள வேற்றுமை அது.

அம்மாலைதீவிலே இச்சொல் இன்னும் ஒருபடி சென்றுள்ளது. தீவினர் என்னும் பொருளுடைய ‘திவெஹி’ அங்கு மக்களுக்கும் மொழிக்கும் பெயராயிற்று. யாழ்ப்பாணத்தில் ‘தீவான்’ என்பது குடாநாட்டார் வாயிலே பெரும்பாலும் இளக்காரம் கலந்து ஒலித்த சொல். தீவார் தம்மை அவ்வாறு கூறிக்கொள்வதில்லை; தீவகத்தார் என்பர். வடமொழி ‘த்வீபக’ என்பதன் வழிவந்த தீவகம், தமிழகம் என்பதுபோல அகம் ஈறுபெற்ற பெயராகவே இன்று உணரப்படுகின்றது. ஓர் ஈற்றாற் பெற்ற இழிவை மற்றோர் ஈறுபோல் ஒலிப்பதாற் போக்கினர் போலும்.

எமது கருத்துக்கு இடறுகல் ஒன்று உண்டு. காரை தனித்து நிற்கும் செடிப்பெயர். ஆயினும் காரைதீவு மிகவில்லை. 1920களில் அவ்வூர் காரைநகர் எனப் பெயர் மாறிற்று. கிழக்கிலங்கைக் காரைதீவோடு மயங்காதிருத்தற்பொருட்டு என்பர். பாலத்தாற் பொன்னாலையோடு இணைந்த ஊருக்குத் தீவு என்னும் ஈறு வேண்டாததாகவும் தோன்றியிருக்கலாம். அதனால் நூறாண்டுக்கு முற்பட்ட தமிழ் எழுத்துக்களிலேயே விடை தேடவேண்டியுள்ளது. பழைய காணி உறுதிகளிலும் கோயிற் கணக்குகளிலும் காரைதீவு முந்தியதோ காரைத்தீவு முந்தியதோ என்பதைப் பார்த்தல் வேண்டும். 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி மக்கள் பெயர்ந்தபோது அழிந்த உறுதிகள் பல. எடுத்துச் சென்றவை கொழும்பிலும் கனடாவிலும் பெட்டிகளுள் இருத்தல் கூடும். வைத்திருப்போர் தகரம் ஒன்றோ இரண்டோ என்பதையேனும் எமக்கு அறியத்தருவாராக.