சொல் இல்லாத பழி

நம் தியேட்டர்களில் பழிவாங்கும் காட்சிக்கு விழும் விசில் அடிக்கு விழுவதல்ல, அடிக்கு முன் வரும் வசனத்துக்கு விழுவது. கார்த்திக் சுப்பராஜின் ‘மெர்குரி’ (2018) அந்த வசனத்தையே பிடுங்கிவிட்டது. பாதரச நஞ்சால் பாதிக்கப்பட்ட, காது கேளாத, பேச முடியாத ஐந்து நண்பர்கள். அவர்களைத் துரத்தும் பிரபுதேவாவுக்குக் கண் தெரியாது. காதால் வேட்டையாடுபவனிடமிருந்து, தாங்கள் எழுப்பும் சத்தமே கேட்காதவர்கள் தப்ப வேண்டும். காலடியில் எது நொறுங்கினாலும் அது அவனுக்கும் நமக்கும்தான் கேட்கிறது. நாம் கத்தி எச்சரித்தாலும் கேட்கும் காது அந்த ஐவருக்கும் இல்லை. அரங்கின் பதற்றம் இங்கிருந்துதான் வருகிறது.

இது வெறும் வித்தை, சைகையும் வசனம்தானே என்பார்கள். பாதி சரி. சந்தோஷ் நாராயணனின் இசையும் சில இடங்களில் தேவைக்கு மேல் பேசுகிறது. ஆனால் மௌனத்துக்குக் கதையில் காரணம் இருக்கிறதா என்பதே உரைகல். கொல்கத்தாவில் நிகழும் ‘ஆஷா ஜாவார் மாஜே’யில் (2014) கணவனும் மனைவியும் வெவ்வேறு நேர வேலையால் சந்திப்பதே அரிது, பேச்சுக்கு இடமில்லை. ஜான் வூவின் ‘சைலண்ட் நைட்’டில் (2023) பழிவாங்கக் கிளம்பும் தகப்பனின் தொண்டையில் குண்டு. அங்கே நியாயம் யார் பக்கம் என்ற சந்தேகமே எழுவதில்லை. ‘மெர்குரி’யிலோ துரத்துபவனும் பாதிக்கப்பட்டவன், ஓடுபவர்களும் பாதிக்கப்பட்டவர்கள். வாதாட யாரும் வாய் திறக்காததால் தீர்ப்பு நம் தலையில் விழுகிறது. பஞ்ச் வசனம் ஒன்று இருந்திருந்தால் அந்தச் சுமையை இறக்கி வைத்திருக்கும். ‘மெர்குரி’யைச் செல்போனில் வேண்டாம், விளக்கை அணைத்து, நல்ல ஒலியோடு பாருங்கள்.