திறந்த சிப்பிக்கு விலை பேசுவோர்

பெரியதாழை, மணப்பாடு, தூத்துக்குடி முதலிய ஊர்கள் அமைந்த கடற்கரையை முத்துக்குளித்துறை என்பர். அங்கே கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டில். எடுத்த சிப்பிகளை ஆயிரக்கணக்கில் பிரித்து, திறக்காமலேயே ஏலம் விடுவது அத்தொழிலின் வழக்கம். உள்ளே முத்து உண்டா என்பதை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். சிப்பியைத் திறந்து பார்த்துவிட்ட ஒருவன், ஏலம் கேட்டவரை ஏமாளி என்று நகைத்தால் அவனைக் கெட்டிக்காரன் என்போமா?

‘தி டிரெய்ட்டர்ஸ்’ என்னும் போட்டி நிகழ்ச்சி நம்மை அவனுடைய இடத்தில்தான் அமர்த்துகிறது. 2021-இல் நெதர்லாந்தில் தொடங்கிய இதன் இந்திய வடிவம், கரண் ஜோஹர் நடத்த, 2025 ஜூனில் அமேசான் பிரைமில் வெளிவந்தது. ராஜஸ்தானத்து மாளிகை ஒன்றில் 20 பேர் கூடுகின்றனர். அவர்களுள் சிலர் இரகசியமாகத் துரோகிகள் ஆக்கப்படுகின்றனர். இரவில் இவர்கள் ஒருவரைக் ‘கொன்று’ வெளியேற்றுவர். பின்னர் அனைவரும் வட்டமேசையைச் சுற்றி அமர்ந்து, தாம் ஐயுறும் ஒருவரை வாக்களித்து நீக்குவர். சீட்டுக் குலுக்கிப் போட்டுத் திருடனைக் கண்டுபிடிக்கும் நம் சிறுவர் விளையாட்டின் சுவையே இதிலும் இருக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. துரோகி யார் என்று பார்வையாளருக்கு முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு அவருடைய ஒவ்வொரு கண்ணசைவும் நமக்குப் பொய்யாகத் தெரிகிறது. ‘இதுகூடவா இவர்களுக்குப் புரியவில்லை?’ என்று வியக்கிறோம். இந்த நிகழ்ச்சியின் கவர்ச்சி பொய்யில் இல்லை; நாம் அறிவாளிகள் என்ற எண்ணத்தை அது இலவசமாகத் தருவதில்தான் இருக்கிறது.

உளவியல் கூறுவது வேறு. சார்லஸ் பாண்ட், பெல்லா டீபாலோ என்னும் இருவர் 2006-இல் ஏறத்தாழ இருநூறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். பேச்சைக் கேட்டு மெய், பொய் பிரித்தவர்கள் சரியாகச் சொன்னது 100-க்கு 54 முறைதான். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும்! உறுதியாகச் சொல்பவர் சரியாகச் சொல்வார் என்பதும் இல்லை.

வட்டமேசைக் காட்சிகள் இவ்வுண்மையை நன்றாகவே காட்டுகின்றன. ‘அவர் பேசாமல் இருந்தார்’, ‘அவர் அதிகம் பேசினார்’ என்ற காரணங்களுக்காகவே நிரபராதிகள் வெளியேறுகின்றனர். இது நிகழ்ச்சியின் சிறப்பு. அந்தப் பாடம் நம்மைச் சேராமல் தடுப்பது அதன் குறை. 1998-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய ‘டி மோல்’ நிகழ்ச்சி, உளவாளி யார் என்பதைப் பார்வையாளரிடமும் இறுதிவரை மறைத்தது. அதில் நாமும் தவறாக ஊகிப்போம். நம் அளவை நாமே அறிவோம்.

இது வெறும் பொழுதுபோக்கு அன்றோ என்று கேட்கலாம். காவல் அதிகாரி போலத் தொலைபேசியில் பேசி, ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிப்போர் பெருகிய காலம் இது. ஏமாந்தவர்களில் படித்தவர்களும் பலர். ‘குரலைக் கேட்டாலே எனக்குத் தெரிந்துவிடும்’ என்ற நம்பிக்கை அங்கே காப்பாற்றாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, காவல் நிலையத்தை நாமே அழைத்துக் கேட்பதுதான் காப்பாற்றும். வாழ்க்கையில் சிப்பிகள் மூடியேதான் வருகின்றன.