பெயர் சொல்லாத சரக்கு

பெல்ஜியத்தின் குளிர்காலப் பியர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக ஒரே பட்டியலைத்தான் ஒப்புவிக்கிறார்கள்: கறுவா, கராம்பு, மல்லி, தோடம்பழத்தோல். கடைசியில் ‘கீழைத்தேய மணம்’ என்று ஒரு முத்திரை. மெஹெலன் நகரில் ஹெற் அங்கர் நிறுவனம் காய்ச்சும் ‘ஹவுடன் கரோலுஸ் கிறிஸ்மஸ்’ பியரையும் இந்தப் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் குடிக்கவேண்டியிருக்கிறது.

1966உடன் நின்றுபோன நத்தார்ப் பியரை இவர்கள் 2002இல் மறுபடி தொடங்கினார்கள். ஓகஸ்ற்றில் காய்ச்சிச் சில மாதங்கள் முதிரவிடுகிறார்கள். அல்ககோல் 10.5 வீதம். மூன்று வகை ஹொப்ஸ், ஆறு வகை மூலிகையும் சரக்கும் என்பதே அவர்கள் தருகிற விபரம். எந்த ஆறு என்று சட்டமும் கேட்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி, 1.2 வீதத்துக்கு மேல் அல்ககோல் உள்ள பியருக்கு உள்ளடக்கப் பட்டியல் கட்டாயமில்லை. மற்ற உணவுகளிலும் சரக்கு 2 வீதத்தைத் தாண்டாவிட்டால் ‘சரக்கு’ என்ற ஒற்றைச் சொல் போதும்.

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் இனிப்பும் அல்ககோலின் காந்தலும்தான் மிஞ்சும். அரைமணி நேரம் மேசையில் விடுங்கள். கருஞ்சிவப்பு; நுரை பழுப்பு. முதலில் தீய்ந்த சீனி, பிறகு முந்திரிகைவற்றல், விழுங்கியபின் அடிநாக்கில் அதிமதுரம் போல ஒன்று. சரக்கு எதுவும் தனித்துத் துருத்தவில்லை. நல்ல கறியில் பெருஞ்சீரகம் இருப்பது போல, எடுத்துவிட்டால்தான் தெரியும். இந்தப் பியரின் கெட்டித்தனம் இதுதான். இனிப்பு மட்டும் ஒரு பிடி கூட.

கராம்பு மணக்கிறது என்பவர்கள் பவேரியக் கோதுமைப் பியரைக் குடித்துப் பார்க்கவேண்டும். அதிலும் கராம்பு மணக்கும். ஒரு கராம்பும் போடுவதில்லை. பியருக்கு வாற்கோதுமை, ஹொப்ஸ், தண்ணீர் மட்டுமே என்று 1516இல் சட்டம் போட்ட நாடு அது. மணம் மதுவம் செய்கிற வேலை. பெல்ஜிய மதுவங்கள் பலவும் அதையே செய்கின்றன.

கறுவா சங்கதி இன்னும் மோசம். வேறு சில நத்தார்ப் பியர்களில் அது மூக்கில் ஏறி அடிக்கும். குசினியில் நிற்கிறவனுக்கு அது எந்தப் பட்டை என்று உடனே தெரியும்: தடித்த, ஒற்றைச் சுருளான, காரமான கசியாப்பட்டை. இலங்கைக் கறுவா மெல்லிசு. சுருட்டுப்போல அடுக்கடுக்காய்ச் சுருண்டது, மணமும் அடக்கமானது. ‘கீழைத்தேயம்’ என்று எழுதுகிறவருக்கு இரண்டும் ஒன்று. ஆனால் கறுவாவுக்கு ஊர் உண்டு. ஒல்லாந்தர் 1796 வரை இலங்கையின் கரையோரத்தைக் கட்டிவைத்திருந்ததற்கு அதுவே பெருங்காரணம். காட்டில் அதை உரித்துக் கொடுக்கும் கட்டாய ஊழியம் சலாகம சாதியினரின் தலையில் விழுந்தது. பட்டை உரித்தவர்களுக்கும் பெயர் இருந்தது. ‘கீழைத்தேய மணம்’ என்று எழுதும்போது அந்தக் காடும் இல்லை, உரித்த கையும் இல்லை. காய்ச்சுகிறவர் தொழில் இரகசியத்துக்காகப் பெயரை மறைக்கலாம். விமர்சகருக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரக்குப் பியர்தானே என்று இதைப் பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இவ்வளவு அல்ககோல் மிளகாயின் எரிவைக் கூட்டும். நீலப்பூஞ்சணம் பிடித்த சீஸ் ஒரு துண்டு போதும். 33 சென்ரிலீற்றர் போத்தல் இரண்டு பேருக்குக் காணும்.