விசுவாச வெளிப்பாடும் விமர்சனத்தின் கூச்சமும்: ஊவா குறித்து ஒரு நோக்கு

பதுளைப் பிரதேசம் மலையக இலக்கியத்துக்கு அளித்த முதன்மையான புனைகதையாளர் தெளிவத்தை ஜோசப் (1934-2022). தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையும் தமது கிறிஸ்தவப் பெயரையும் இணைத்தே அவர் எழுதினார். நமது விமர்சனம் அப்பெயரின் முற்பாதியைப் பெரிதும் ஆராய்ந்துள்ளது. பிற்பாதியைப் பேசாது கடந்துவிடுகின்றது. இம்மௌனம் தற்செயலானதன்று.

முற்போக்கு விமர்சனம் கிறிஸ்தவ விசுவாசத்தின் முன் கூச்சமடைவதற்கு வரலாற்று நியாயம் உண்டு. 1854இல் தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிஷன் தோட்டத்துரைமாரின் ஆதரவோடும் பொருளுதவியோடும் இயங்கியது. துரையின் சமயத்தையே தொழிலாளியும் அறிக்கையிடுமிடத்து, அது விசுவாசமா, அதிகாரத்தோடு ஒத்துப்போதலா என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆயின், தொழிலாளருட் சிலர் தமிழகத்திலிருந்து வரும்போதே இச்சமயத்தைத் தம்முடன் கொணர்ந்தனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அவர்களுக்கு அது துரை கொடுத்த சமயமன்று.

பிற்கால ஊவா வரலாறு இவ்வையத்தை மேலும் மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றது. 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார அப்பதவியை விடுத்து, வளங் குறைந்த இப்புதிய மறைமாவட்டத்துக்கு விரும்பி வந்தார். 1982இல் மறையும்வரை இங்கேயே பணிபுரிந்தார். அவரோடு பண்டாரவளையில் உழைத்த மைக்கேல் றொட்றிகோ அடிகளார், 1980இல் புத்தலப் பகுதியில் குடியமர்ந்தார். அவர் வாழ்ந்தது தோட்டத் தமிழரிடையேயன்று. சிங்கள பௌத்த விவசாயிகளிடையே. அவர்களை மதமாற்றுவது அவர் நோக்கமன்று. தமது விசுவாசத்தை அவர் ஒளித்ததுமில்லை. 1987 நவம்பர் 10ஆம் நாள், திருப்பலி வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவர்களை முற்போக்காளர் போற்றுவர். எனினும், 'குருவானவராயிருந்தும் மக்கள் பக்கம் நின்றார்' என்பதே அப்போற்றுதலின் தொனி. 'இருந்தும்' என்னுஞ் சொல்லிலேயே கூச்சம் குடிகொண்டுள்ளது. குருவானவராயிருந்தமையாலேயே அவ்வாறு நின்றார் என்று ஏற்க நாம் தயங்குகின்றோம். இதற்கு மறுதலையான கூச்சமொன்று திருச்சபையிடத்தும் உண்டு. பீடத்தில் விசுவாசத்தை உரத்து அறிக்கையிடும் அது, தொழிலாளரின் சம்பளமும் லயத்து வாழ்வும் பேச்சுக்கு வருமிடத்துப் பலகாலும் குரல் தாழ்த்தியுள்ளது. முன்னது விசுவாசத்தைக் கண்டு நாணுகின்றது. பின்னது விசுவாசத்தின் விளைவைக் கண்டு நாணுகின்றது.

இந்நோக்கிலேயே ஜோசப்பை மீளவும் படித்தல் வேண்டும். 'மீன்கள்' என்ற சிறுகதை, லயத்து அறையொன்றின் நெருக்கடி குடும்ப உறவின் மானத்தையே குலைக்குமாற்றைச் சித்திரிப்பது. அதனை வர்க்க ஒடுக்குமுறையின் சான்றாக வாசித்தோம், அவ்வாசிப்புச் சரியானதே. ஆயின், உடலின் மாண்பு, குற்றவுணர்வு ஆகியன பற்றிய கிறிஸ்தவச் சிந்தனைக்கும் அக்கதைக்கும் தொடர்புண்டா என்று நாம் கேட்டதில்லை. விசுவாசமே அக்கதையின் ஊற்று எனத் துணிந்துரைப்பது மிகையாகும். அவ்வினாவை எழுப்பாதே விடுதல் விமர்சனக் குறையாகும்.

விசுவாச அறிக்கையைத் தன்னளவிற் பிற்போக்கென்றோ முற்போக்கென்றோ வகைப்படுத்தல் இயலாது. அது யார் முன் செய்யப்படுகின்றது, அதன்பொருட்டு அறிக்கையிடுவோர் எதனை இழக்கின்றார் என்பனவே அளவுகோல்கள். துரையின் முன் செய்யப்பட்ட அறிக்கையையும் புத்தலவில் உயிர்கொடுத்துச் செய்யப்பட்ட அறிக்கையையும் ஒரே தராசில் நிறுப்பது ஆய்வாகாது.