ஜெற் நட்டில் கை வைக்க முன்: மொரிஸ் மைனரின் எஸ்யூ காபரேற்றர்

போர்க்காலப் பொருளாதாரத் தடை இறுகியிருந்த தொண்ணூறுகளில் இலங்கையின் வன்னியில் பெற்றோல் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் கிளப்பிச் சூடாக்கிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மொரிஸ் மைனர் அதைத் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் வெறும் முரட்டு இரும்பல்ல. அதன் காற்றுக்குழாய் புகைக்குழாயோடு ஒட்டியிருப்பதால், எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய்க்குச் சூடு கிடைத்தது. எஸ்யூ காபரேற்றரோ எஞ்சின் கேட்கும் காற்றின் அளவுக்கேற்பத் தன் வாயைத் தானே திறந்து, காற்றின் வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டது. காபரேற்றரின் மேல்மூடியான டோமுக்குள் இருக்கும் பிஸ்டனை உயர்த்துவது அக்சிலேற்றர் கம்பி அல்ல, வெற்றிட உறிஞ்சல். அமெரிக்க வேகக் கார்களில் பூட்டும் ஹொலி நாற்குழல் காபரேற்றர்களில் இரண்டாம் குழல்களை வெற்றிட டயபிரம் திறக்கும் வகையும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

மொரிஸ் மைனரில் அக்சிலேற்றரை மிதித்தவுடன் கார் இழுக்காமல் ஒரு கணம் திக்கினால், உடனே காபரேற்றரின் அடியிலுள்ள ஜெற் நட்டைத் திருப்பிப் பெற்றோலைக் கூட்டுவது தவறான தொடக்கம். திக்கல் பெரும்பாலும் பெற்றோலின் அளவால் வருவதில்லை, பிஸ்டன் எழும் வேகத்தால் வருகிறது. டோமின் உச்சியிலுள்ள டாம்பரில் ஒயில் இல்லாவிட்டால் பிஸ்டன் சட்டென்று எழும். ஜெற்றுக்கு மேலான உறிஞ்சல் விழுந்து, அந்தக் கணத்தில் கலவை மெலியும். ஒயில் மிகத் தடிப்பானால் பிஸ்டன் தாமதித்து எழும், கார் மந்தமாகும். ஹொலியிலும் இதே கதைதான். அதன் டயபிரத்துக்கான ஸ்பிரிங்குகளில் வெள்ளை மென்மையானது, கறுப்பு மிகக் கடினமானது. இரண்டாம் குழல் அளவுக்கு முந்தித் திறந்து எஞ்சின் மூச்சடைத்தால் ஜெற்றையல்ல, ஸ்பிரிங்கையே மாற்றுவார்கள்.

ஆகவே வேலையை டோமில் தொடங்குங்கள். டாம்பரைக் கழற்றிவிட்டு பிஸ்டனை விரலால் முழுக்க உயர்த்தி விடுங்கள். 'டக்' என்று தெளிவான சத்தத்தோடு விழ வேண்டும். இழுத்து இழுத்து இறங்கினால் உள்ளே அழுக்கு. கோடையில் கிறவல் வீதிப் புழுதி குடிக்கும் காருக்கு இது புதினமல்ல. தின்னரால் துடைத்தால் போதும். சாண்ட் பேப்பர் போடக் கூடாது; பிஸ்டனும் டோமும் சோடியாகப் பொருத்தப்பட்டவை, மாற்றிப் போட்டாலும் கெடும். பிஸ்டன் தண்டுக்கு மட்டும் ஒரு துளி ஒயில். இத்தனையும் முடிந்த பின்தான் ஜெற். ஜெற்றைப் பிஸ்டனுக்குக் கீழுள்ள பாலத்தோடு சமப்படுத்தி, நட்டைப் பன்னிரண்டு முகம் இறக்கினால் தொடக்க அளவு. எஞ்சின் சூடான பின் பிஸ்டனைச் சற்றே, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக, உயர்த்திப் பாருங்கள்: வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு, ஒரு கணம் ஏறி இறங்கினால் சரி.

"பெற்றோலைக் கூட்டினால் திக்கல் போகிறதே" என்பார்கள். போகும், உண்மைதான். ஆனால் மிதிக்கும் ஒரு கணத்துக்கான மருந்தை ஓடும் நேரமெல்லாம் ஊட்டுகிறீர்கள். பிளக் கறுக்கும், எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவும். 2022இல் இலங்கையில் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். அந்த நிலையில் இந்த வீண்செலவை யாரும் சிறிதென்று சொல்லியிருக்க மாட்டார்கள். மண்ணெண்ணெய்க் காலத்தில் நட்டை எப்படி வைத்திருந்தாலும் அது வேறு எரிபொருளுக்கான அளவு, பெற்றோலுக்குப் பொருந்தாது.

வேறு காருக்கான புதுக் காபரேற்றரைப் பூட்டலாம் என்ற யோசனை இன்னும் வலுவானது. புதுப் பாகம், தேய்மானம் இல்லை. ஆனால் அளவு மாறாத குழல் கொண்ட காபரேற்றருக்குத் திடீர் மிதிப்பில் பெற்றோலைப் பீச்சத் தனிப் பம்ப் வேண்டும், அதன் ஜெற்றுகளை இந்த எஞ்சினுக்கேற்ப மறுபடி பொருத்த வேண்டும். எஸ்யூவில் அந்த இரண்டு வேலையையும் பிஸ்டனும் அதன் அடியிலிருந்து ஜெற்றுக்குள் இறங்கும் ஊசியும் செய்துவிடுகின்றன. 2020இலிருந்து ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் வாகன இறக்குமதி நின்றபோது பழைய கார்களின் பெறுமதி எவ்வளவு ஏறியது என்பது தெரிந்ததே. நல்ல எஸ்யூவைக் கழற்றி எறிவது நட்டம். த்ரொட்டில் தண்டு தேய்ந்து காற்றுக் கசிந்தால் புஷ்ஷை மாற்றுங்கள், டாம்பரில் ஒயில் பாருங்கள், ஜெற் நட்டைக் கடைசியாகத் தொடுங்கள்.