படைக்கலமும் சுமந்தவரும்: ‘றைபிள் வீரர் ஹரிஸின் நினைவுகள்’ பற்றிய ஒரு நோக்கு

படைக்கலங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோராலும் ஏவியோராலுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றைச் சுமந்தோரின் கூற்றாக எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, 1848ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த ‘றைபிள் வீரர் ஹரிஸின் நினைவுகள்’ என்னும் நூலாகும். நெப்போலியனுக்கு எதிரான போர்களிலே, பிரித்தானியாவின் 95ஆம் றைபிள் படைப்பிரிவிற் சாதாரண சிப்பாயாகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹரிஸ் என்பார் வாய்மொழியாகக் கூறிய அனுபவங்களின் தொகுப்பு இது. இந்நூலை அவர் ஏந்திய பேக்கர் றைபிளின் பெருமைக்குச் சான்றாகக் கொள்வோர் பலர். அக்கொள்கை நூலுக்கு நீதி செய்வதாகுமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் படைக்கலத்தின் இயல்பை மனங்கொள்ளல் வேண்டும். அக்காலப் பிரித்தானியக் காலாட்படையின் பொதுப் படைக்கலம் மஸ்கற் எனப்படும் துவக்காகும். அதன் குழல் உட்புறம் வழுவழுப்பானது. குண்டு குழலினுஞ் சிறியது. எனவே விரைவாக நிரப்பலாம். ஆயின், குறி எளிதிற் பிசகும். சிப்பாய்கள் தோளோடு தோள் நின்று, கட்டளை பிறந்ததும் ஒருசேரச் சுடுவதே அதற்குரிய போர்முறை. 1800ஆம் ஆண்டிலே எசக்கியல் பேக்கர் என்னும் இலண்டன் துவக்கு வினைஞர் அமைத்த றைபிளோ வேறு வகையினது. 30 அங்குல நீளமான அதன் குழலினுள்ளே ஏழு தவாளிப்புகள் கால்வட்ட அளவு சுருண்டு செல்லும். நெய் பூசிய தோற்றுண்டிலோ சீலைத்துண்டிலோ பொதியப்பட்ட குண்டு அத்தவாளிப்புகளைப் பற்றிச் சுழன்று வெளியேறுவதால் நேர்வழியிற் செல்லும். நிரப்புவதற்குக் கூடிய நேரம் வேண்டுமாயினும், ஏறத்தாழ 200 யார் தொலைவில் நிற்கும் தனியொருவரைக் குறிவைத்தல் அதனால் இயல்வதாயிற்று. பச்சைச் சீருடை தரித்த றைபிள் வீரர் வரிசையை விட்டு முன்சென்று, மறைவிடந் தேடி, இருவர் இருவராக இயங்கினர்.

இவ்வாறு, கட்டளைக்குச் சுடும் கூட்டத்தினின்றும், தானே கண்டு தானே தீர்மானிக்கும் தனிமனிதர் பிரிந்து தோன்றினர். இத்தனிமனிதரைச் சுற்றியே பிற்காலப் புகழ்க்கதைகள் வளர்ந்தன. 1809 ஜனவரி 3இல் ககபெலோஸ் என்னுமிடத்தில் தொம் பிளங்கெற் என்ற றைபிள் வீரர் பிரெஞ்சுத் தளபதி கொல்பேரைச் சுட்டு வீழ்த்திய செய்தி இன்றும் வியந்து பேசப்படுகின்றது. பேர்னாட் கோர்ண்வெல் 1981 முதல் எழுதிய ஷார்ப் நாவல் வரிசை இப்படையினரின் புகழை உலகெங்கும் பரப்பியது. இப்புகழின் ஒளியிலேயே ஹரிஸின் நூலும் வாசிக்கப்படுகின்றது.

ஆயின், நூலை ஊன்றி நோக்குமிடத்துப் பிறிதொரு தோற்றமே புலப்படுகின்றது. டோர்செற் பகுதியில் ஆட்டிடையர் ஒருவரின் மகனாக வளர்ந்த ஹரிஸ், தாமே விரும்பிப் படையிற் சேர்ந்தவரல்லர். 1803இல் திருவுளச்சீட்டு முறையால் எடுக்கப்பட்டவர். அயர்லாந்திலே 95ஆம் பிரிவினரைக் கண்டு மயங்கி அவர்களோடு சேர்ந்தபோதும், அவரைக் கவர்ந்தது அவ்வீரர்களின் மிடுக்கான தோற்றமேயன்றி அவர்களுடைய படைக்கலத்தின் திறனன்று. அதற்கு முன்னரே, படையை விட்டோடிய பிரித்தானியச் சிப்பாய் ஒருவரைச் சுட்டுக் கொல்லும் அணியில் அவர் நிறுத்தப்பட்டார். அப்பணியினின்றும் தப்ப ஏங்கிய மனநிலையை அவர் மறைக்கவில்லை. பகைவரைக் காண்பதற்கு முன்னரே தம்மவரைச் சுட நேர்ந்த ஒருவரின் கதை இது என்பது கருதத்தக்கது.

1808 ஓகஸ்ற் 21இல் நிகழ்ந்த விமெய்ரோப் போரினை அவர் விவரிக்கும் பகுதி நமது கருத்துக்கு அரண் செய்கின்றது. குறிபார்த்துச் சுடுதற்கென்றே பயிற்றப்பட்ட அவ்வீரர், தாமுந் தோழருஞ் சுட்ட வெடிமருந்தின் புகையினுள் அகப்பட்டு, தமது துவக்கின் சிவந்த சுடரன்றி வேறெதனையுங் காணாதவராகின்றார். காற்று வீசிப் புகையை அகற்றும்வரை, தன்னைச் சூழ நடப்பதைச் சிப்பாய் அறியான் என்பது அவர் தருஞ் செய்தியாகும். குறி தவறாத கண் என்னும் புனைவு இவ்விடத்திலே தகர்ந்துவிடுகின்றது.

அவ்வாறாயின், றைபிள் இந்நூலில் எவ்வாறு இடம்பெறுகின்றது? சுமையாக என்பதே விடை. ஹரிஸ் படையிலே சப்பாத்துத் தைப்பவராகவும் பணிபுரிந்தவர். போர்த்துக்கலில் தாம் சுமந்தவற்றை அவர் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார்: முதுகுப்பை, மேலங்கி, கம்பளி, சப்பாத்துத் திருத்துந் தோல், சுத்தியல், மூன்று நாள் உணவு, தண்ணீர்க் குடுவை, கைக்கோடரி, றைபிள், 80 சுற்று வெடிகள். இப்பட்டியலிலே றைபிள் பத்தோடு ஒன்றாகவே நிற்கின்றது. பகைவரின் குண்டாலன்றி முதுகுப்பையின் பாரத்தாலேயே மாண்டோர் பலர் என்பது அவருடைய துணிபு. 1809 ஜனவரியில் விகோத் துறைமுகத்தை நோக்கிய பின்வாங்கலிலே, பனியிற் கிழிந்த சப்பாத்துகளும், வழியில் விழுந்த பெண்களும் குழந்தைகளுமே பக்கங்களை நிரப்புகின்றனர். ஆக்கியோர் குறியின் நுட்பத்தை எழுதினர். சுமந்தவரோ பாரத்தைச் சொன்னார்.

ரொலிசாப் போரிலே ஹரிஸின் அருகே கிடந்த ஜோசப் கொச்சன் தண்ணீர் அருந்துகையிற் குண்டு பட்டு இறக்கின்றார். போர் ஓய்ந்ததும் அவருடைய மனைவியை உடல் கிடந்த இடத்துக்கு அழைத்துச் செல்பவர் ஹரிஸே. பின்னர் அப்பெண்ணை மணக்க அவர் விரும்பியபோது, இன்னொரு சிப்பாயை எண்ணிப் பார்க்கவும் தம்மால் இயலாதென அவர் மறுத்துவிடுகின்றார். வீரகாவியங்கள் முடியும் இடத்திலே இந்நூல் தொடங்குகின்றது என்பதற்கு இப்பகுதியே சாலும்.

எனினும் இக்குரல் முற்றும் ஹரிஸினுடையதா என்னும் வினா எழுவது இயல்பே. சோஹோப் பகுதியிற் சப்பாத்துத் தைத்து வாழ்ந்த ஹரிஸ் கூறியவற்றை எழுத்தாக்கியவர் ஹென்றி கேர்லிங் என்னும் முன்னாட் படை அதிகாரி. சில இடங்களிற் காணப்படும் அலங்கார நடை அவருடைய கைவண்ணமாதல் கூடும். ஆயின் நிகழ்ச்சிகள் காலவரிசையிற் செல்லாது முன்னும் பின்னுமாகத் தாவுவதும், உணவு, சப்பாத்து, நண்பர் பெயர் ஆகிய சிறு விவரங்கள் குவிவதும் வாய்மொழியின் இயல்புகளாகும். இவ்வொழுங்கின்மையைச் சிலர் குறையெனக் கொள்வர். நாம் அதனைச் சொன்னவரின் கைச்சாத்தாகவே கொள்கின்றோம்.

நூலின் குறையை வேறிடத்திற் காணலாம். பின்வாங்கலின்போது தளபதி கிறோபேட் வழங்கிய கசையடித் தண்டனைகளை ஹரிஸ் வெறுப்புடன் கூறினும், அத்தளபதியின் கடுமையே படையைக் காத்ததென ஏற்றுக்கொள்கிறார். துன்பத்தை உள்ளவாறு காட்டுபவர், அதனை விளைத்த அமைப்பை வினாவும் நிலைக்கு உயரவில்லை. இதனை அவருடைய தனிப்பட்ட குறையெனல் பொருந்தாது. ஏவலுக்குப் பழக்கப்பட்ட வர்க்கமொன்றின் வரலாற்று எல்லை அது.

1809இல் வால்ச்செரன் தீவிற் பற்றிய காய்ச்சல் ஹரிஸின் உடல்நலத்தை அழித்தது. 1815இல் நெப்போலியன் மீண்டபோது அழைக்கப்பட்டும், நோயினாற் செல்லவியலாது ஓய்வூதியத்தை இழந்தார். 1830களின் இறுதியிற் பிரன்சுவிக் றைபிள் அறிமுகமாகப் பேக்கர் றைபிளும் வழக்கொழியலாயிற்று. இன்று அது நூதனசாலைகளிலே துடைத்து மினுக்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது; அதன் நீளத்தையும் எடையையுங் குறிப்புச்சீட்டுகள் உரைக்கின்றன. அவ்வெடை பனிபடர்ந்த பாதையிலே ஒரு மனிதரின் தோளில் எவ்வாறு அழுத்தியது என்பதை உரைக்க ஹரிஸின் நூல் வேண்டும். அதனைப் படைக்கலத்தின் புகழுரையாக வாசிப்பது, சுமந்தவரை மீண்டுமொருமுறை வரிசையில் நிறுத்தி வாய்மூடச் செய்வதற்கொப்பாகும் என்பதே நமது துணிபு.